புல்லடி மண்

கொறங்காட்டுக்கு மண் எடுக்கப் போகிறவர்கள் ஆகர் என்னும் துளைக்கருவியை மட்டும் நம்பி வண்டி ஏறக் கூடாது. வண்டல் வயலில் ஒரு மீட்டர் வரை சிரமமில்லாமல் இறங்குகிற கருவி, காங்கயம் பக்கத்துச் செம்மண்ணில் ஒரு சாண் போவதற்குள் சரளையில் முட்டி நின்றுவிடும். கடப்பாரையும் மண்வெட்டியும் களைக்கொத்தும்தான் இங்கே கைகொடுக்கும். கூடவே ஒரு தராசு, சல்லடை, பாலிதீன் தாள், குடத்தில் தண்ணீர், சொட்டுப் புட்டியில் கொஞ்சம் அமிலம். மண்ணில் எவ்வளவு கார்பன் தங்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது பெரிய விஞ்ஞானமாகப் பேசப்படுகிறது. அதில் முக்கால்வாசி குழி வெட்டும் வேலை.

நான் மண் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்த காலத்தில் 15 சென்டிமீட்டருக்குக் கீழே யாரும் பார்க்கமாட்டார்கள். அது உழவு ஆழம். விவசாயி கொண்டுவரும் அரைக் கிலோ மண்ணில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து பார்த்து உரப் பரிந்துரை எழுதித் தருவோம். அங்ககக் கரிமம் என்பது அந்தத் தாளில் ஒரு வரி, அவ்வளவுதான். வெப்பமாதல் பற்றிய பேச்சு வந்த பிறகு அந்த ஒரு வரிக்காகவே ஆட்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். காற்றில் கலக்க வேண்டிய கார்பன் மண்ணில் எங்கே, எவ்வளவு, எத்தனை காலம் தங்கும் என்று கேட்டார்கள். அப்படித்தான் ஆய்வுக்கூட மேசையை விட்டுக் கொறங்காட்டுக்கு வந்தேன்.

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், அந்தப் பக்கம் கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சி, க.பரமத்தி என்று விரிந்து கிடக்கும் மேய்ச்சல் நிலம் இது. அடியில் தொடர்ச்சியாகப் புல், அங்கங்கே விட்டு விட்டு மரம். உலகத்தில் சவன்னா என்று எதைச் சொல்கிறார்களோ அதன் இலக்கணம் அத்தனையும் பொருந்தும். சவன்னா என்றதும் ஆப்பிரிக்காவின் வரிக்குதிரையும் சிங்கமும்தான் பலருக்கு நினைவு வரும். இங்கே இருப்பது பட்டா நிலத்துச் சவன்னா. வேலி கட்டி, வாரிசுகள் பாகம் பிரித்து, மாடும் செம்மறியும் வளர்த்து ஒரு குடும்பம் பிழைக்கிற நிலம். ஆண்டு மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர்தான், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும்.

மூன்று செடிகள் இதைத் தாங்குகின்றன. தரையில் கொழுக்கட்டைப் புல். மேலே வெள்வேல மரம். சுற்றிலும் கிளுவை வேலி. கிளுவைப் போத்தை வெட்டி நட்டால் வேர் பிடித்துவிடும், ஆள் உயரத்துக்கு முள்ளாக அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கம்பி வேண்டாம், கல்தூண் வேண்டாம். ஒருவருடைய நிலம் இப்படிப் பல துண்டுகளாகப் பிரிந்திருக்கும். இடையில் இட்டேரிப் பாதை ஓடும். ஒரு காட்டில் புல் கடித்துத் தீர்கிற பதத்துக்கு வந்ததும் படலைத் திறந்து மாட்டை அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். மழை பெய்து புல் துளிர்க்கும்போது ஒன்றிரண்டு காட்டை அடைத்துப் போட்டு, விதை உதிர்ந்த பிறகே உள்ளே விடுவார்கள். புல்லோடு நரிப்பயறும் செப்பு நெருஞ்சியும் தானாக முளைக்கும், அவை காற்றிலிருந்து தழைச்சத்தை இழுத்து மண்ணுக்குக் கொடுக்கும். கோடையில் புல் காய்ந்து சருகாகும்போது வேலங்காய் உதிரத் தொடங்கும். செம்மறிகள் மரத்துக்கு மரம் ஓடும். வேலங்கொட்டை ஆட்டின் வயிற்றைக் கடந்து புழுக்கையோடு விழுந்து முளைக்கும். இந்த ஏற்பாட்டை யாரும் திட்ட அறிக்கை எழுதி உண்டாக்கவில்லை. மேய்ச்சல் மேலாண்மை என்று எத்தனையோ பாடத்திட்டங்கள் பார்த்துவிட்டேன், இதைவிடத் தெளிவான ஒன்றை நான் பார்த்ததில்லை.

ஒரு மீட்டர் குழி வெட்டி, ஒரு பக்கச் சுவரைக் கத்தியால் சீவிவிட்டு உட்கார்ந்து பார்த்தால்தான் இந்த நிலம் புரியும். மேல் ஒரு விரல் கனத்துக்கு மண் கொஞ்சம் கருத்திருக்கும், புழுக்கைத் தூளும் புல் சருகும் கலந்து. அதற்குக் கீழே ஒரு சாண் அளவுக்குக் கொழுக்கட்டைப் புல்லின் வேர்கள் சல்லடைபோல் பின்னிக் கிடக்கும். மண்ணாங்கட்டியைக் கையில் எடுத்து உடைத்தால் இரண்டாகப் பிளக்காது, வேர் இழைகள் இரண்டு பாதியையும் பிடித்துக்கொண்டு தொங்கும். இன்னும் கீழே போகப் போகச் சரளை. அங்கே வேர் இருக்காது என்றுதான் தோன்றும். ஆனால் கல்லைப் பெயர்த்துப் பார்த்தால், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலிருக்கும் மயிரிழைச் சந்தில் தட்டையாக நசுங்கி ஒரு வேர் இறங்கியிருக்கும். இந்தப் புல்லின் வேர் ஒரு மீட்டரைத் தாண்டியும் போகும். ஒவ்வொரு வறட்சியிலும் அந்த வேரில் ஒரு பங்கு செத்து மண்ணிலேயே மக்குகிறது. அடுத்த மழைக்குப் புதிது விடுகிறது. மண்ணுக்குக் கார்பன் போய்ச் சேரும் முதல் வழி இந்த வேர்ச் சாவுதான்.

இரண்டாவது வழி சாணம். காய்ந்த வரட்டி ஒன்றைப் புரட்டினால் அடியில் கறையான் கட்டிய செம்மண் பூச்சு தெரியும். மழைக்காலமென்றால் சாணி வண்டு உருட்டிக்கொண்டு போய்ப் புதைத்திருக்கும். மேலே கிடந்தால் வெயிலில் உலர்ந்து உதிர்ந்து காற்றோடு போகும் சத்தை, இந்தச் சிற்றுயிர்கள் நாலு விரல் ஆழத்துக்குக் கொண்டு சேர்க்கின்றன. கொறங்காட்டில் மாடு இராப்பகலாக அங்கேயே கிடப்பதால் சாணம் கட்டுத்தரையில் குவிந்து வேறு எங்கோ போவதில்லை. தின்ற இடத்துக்கே திரும்புகிறது.

வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்வது: நிழலில் மட்டும் தோண்டாதே. பங்குனி வெயிலில் யாருக்கும் மரத்தடிதான் பிடிக்கும். ஆடு மாட்டுக்கும் அப்படியே. அதனால் மரத்தடியில்தான் சாணமும் மூத்திரமும் இலைச் சருகும் சேர்ந்து மண் வளமாக இருக்கும். அங்கே மட்டும் எடுத்த மண்ணை வைத்து முழுக் காட்டுக்கும் கணக்குப் போட்டால் இல்லாத கார்பன் தாளில் முளைத்துவிடும். மரத்தடி, மரங்களுக்கு நடுவே உள்ள வெட்டவெளி, வேலியோரம், தண்ணீர்த் தொட்டி இருக்கிற இடம் என்று தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றும் காட்டில் எத்தனை பங்கு பரப்பு என்று அளந்து, அந்த விகிதத்தில் சேர்க்க வேண்டும்.

சரளைக் கணக்கு அதைவிட முக்கியம். ஆய்வுக்கூடத்தில் 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, கீழே விழுந்த மண்ணைத்தான் சோதிக்கிறோம். மேலே தங்கிய கல்லை வாசலில் கொட்டிவிடுகிறோம். ஆனால் காட்டில் அந்தக் கல் இடத்தை அடைத்துக்கொண்டுதானே இருக்கிறது? ஓர் உதாரணம் சொல்கிறேன். கார்பன் 0.5 விழுக்காடு, மண்ணின் அடர்த்தி 1.5, ஆழம் 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் பெருக்கினால் ஹெக்டேருக்கு 22.5 டன் கார்பன். கொள்ளளவில் 30 விழுக்காடு சரளை என்றால் உண்மையில் இருப்பது 15.75 டன்தான். வித்தியாசம் 6.75 டன். கார்பன் சந்தையில் விற்பது கார்பன் டையாக்சைடு கணக்கில் என்பதால் அதை 3.67ஆல் பெருக்க வேண்டும். ஏறத்தாழ 25 டன்! ஒரே ஒரு ஹெக்டேரில், கல்லைக் கழிக்காமல் விட்டதற்காக. இப்படிக் கல்லைக் கழிக்காத அறிக்கைகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. கையெழுத்துப் போட மறுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அடர்த்தி பார்க்க எஃகு வளையத்தைச் சுத்தியலால் அடித்து இறக்குவார்கள். கொறங்காட்டில் வளையம் நெளிந்துபோகும். நாங்கள் சிறு குழியாகத் தோண்டி, எடுத்த மண்ணையும் கல்லையும் ஒன்று விடாமல் பைக்குள் போட்டுவிடுவோம். குழிக்குள் மெல்லிய பாலிதீன் தாளைப் பதித்து, அளவுக் குவளையால் தண்ணீர் ஊற்றி நிரப்புவோம். எவ்வளவு தண்ணீர் பிடித்ததோ அதுதான் குழியின் கொள்ளளவு. பைக்குள் உள்ளதை அடுப்பில் 105 டிகிரியில் உலர்த்தி எடை போட்டால் கணக்கு முடிந்தது. எளிய முறை, பொய் சொல்லாத முறை.

அமிலப் புட்டி எதற்கு என்றால் சுக்கான் கல்லுக்கு. இந்தப் பக்கத்து மண்ணில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு முடிச்சுகள் இருக்கும். அதிலும் கார்பன் உண்டு, ஆனால் புல்லும் சாணமும் மக்கிச் சேர்ந்த கார்பன் அல்ல. நிலத்தைப் பராமரிக்கிற விதத்தால் ஓரிரு ஆண்டில் கூடுவதோ குறைவதோ இல்லை. ஒரு சொட்டு அமிலம் விட்டால் புசுபுசுவென்று நுரைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். நுரைத்த மண்ணை நேரே எரித்து அளக்கும் நவீன எந்திரத்தில் போட்டால் இரண்டு கார்பனையும் கூட்டிச் சொல்லிவிடும். அதனால் முதலில் அமிலத்தால் சுண்ணாம்பைப் போக்க வேண்டும்.

1934இல் வாக்லியும் பிளாக்கும் வெளியிட்ட பழைய முறைக்குச் சுண்ணாம்பால் தொந்தரவில்லை. எங்கள் கூடத்தில் இன்றும் அதுதான். ஆரஞ்சு நிறப் பொட்டாசியம் டைக்ரோமேட் கரைசலில் மண்ணைப் போட்டு அடர் கந்தக அமிலம் ஊற்றினால் குடுவை கையைச் சுடும். அரை மணி நேரம் ஆறவிட்டு, தண்ணீரும் பாஸ்பாரிக் அமிலமும் சேர்த்து, டைபீனைலமைன் சில துளி விட்டதும் கருநீலமாக மாறும். பியூரெட்டிலிருந்து இரும்பு உப்புக் கரைசலைச் சொட்டு சொட்டாக விட வேண்டும். நீலம் வெகுநேரம் அசையாது. பிறகு ஒரே ஒரு சொட்டில் பளிச்சென்று பச்சையாகும். அந்தச் சொட்டைத் தவறவிடாமல் பிடிப்பதுதான் கைப்பழக்கம். இந்த முறை மண்ணிலுள்ள அங்ககக் கரிமம் முழுவதையும் எரிப்பதில்லை, ஏறத்தாழ 77 விழுக்காடுதான் என்று கொண்டு 1.3ஆல் பெருக்கிக்கொள்கிறோம். மண்வள அட்டையில் 0.5 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால் 'குறைவு' என்று அச்சாகும். கொறங்காட்டு மண்ணுக்குப் பல சமயம் அதுதான் வரும். அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு இது வீண் நிலம் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அந்த அட்டை பயிருக்கு உரம் சொல்ல உண்டானது, மேல் 15 சென்டிமீட்டரை மட்டும் பார்ப்பது. ஒரு மீட்டர் ஆழத்துக்கு, வருடக்கணக்காக, ஒரு மூட்டை உரமும் ஒரு வாளிப் பாசனமும் இல்லாமல் இந்த நிலம் சேர்த்து வைத்திருப்பதை அந்தச் சொல்லால் அளக்க முடியாது.

வீண் நிலம் என்ற முடிவிலிருந்து அடுத்து வருவது மரம் நடும் யோசனை. ஒரு நிறுவனத்தார் என்னிடம் வந்து, ஏக்கருக்கு இத்தனை நூறு கன்று நட்டால் எத்தனை டன் கார்பன் ஏறும் என்று எழுதித் தரக் கேட்டார்கள். மரத்தை அளப்பது கடினமில்லை. தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு பிடித்து, அதற்கான சமன்பாட்டில் போட்டால் எடை வரும், உலர்ந்த எடையில் ஏறத்தாழ பாதி கார்பன். கண்ணுக்குத் தெரிவது, படம் பிடிக்கலாம், செயற்கைக்கோளும் பார்க்கும். ஆனால் தண்ணீர் எங்கிருந்து வரும்? மகேஷ் சங்கரன் குழுவினர் 2005இல் நேச்சர் இதழில் ஆப்பிரிக்கச் சவன்னாக்களைப் பற்றி எழுதினார்கள். ஆண்டு மழை ஏறத்தாழ 650 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள இடங்களில் மரப்பரப்பு எவ்வளவு இருக்கலாம் என்பதை மழையே வரையறுக்கிறது என்பது அதன் சாரம். அது ஆப்பிரிக்கக் கணக்கு, அப்படியே இங்கே ஒட்ட முடியாது. ஆனாலும் 600 மில்லிமீட்டர் மழையில் நெருக்கி நட்ட கன்று, வாடுவதற்கு முன் புல்லின் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் வாடும் என்பதை நான் இங்கேயே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. மரமும் கொழுக்கட்டைப் புல்லும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் முறை வேறு. அதனால் மண்ணுக்குள் மக்கிய பிறகும் கார்பன் 13 என்னும் ஐசோடோப்பின் அளவை வைத்து எது புல்லிலிருந்து வந்தது, எது மரத்திலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்லலாம். வெப்பமண்டலச் சவன்னாக்களின் இத்தகைய அளவீடுகளைத் திரட்டி 2023இல் வந்த ஆய்வு ஒன்று, ஒரு மீட்டர் ஆழம் வரையுள்ள கார்பனில் பாதிக்கு மேல் புல் தந்தது என்கிறது, மரத்துக்கு நேர் கீழே உள்ள மண்ணிலும் கூட. அதைப் படித்தபோது எனக்குக் கொறங்காட்டுக் குழிச் சுவர்தான் நினைவுக்கு வந்தது. புல்லைக் கொன்று மரத்தை ஏற்றினால் மேலே ஏறுகிற கணக்கையும் கீழே இறங்குகிற கணக்கையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். சீமைக்கருவேலம் புகுந்த காடுகளைப் பாருங்கள். மரக் கணக்கில் அவை அருமையான காடுகள். அடியில் ஒரு புல் கிடையாது, மாடு நுழைய வழி கிடையாது. அந்த நிறுவனத்தார் கேட்ட தாளை நான் எழுதித் தரவில்லை. வெள்வேலைக் காக்கவும் வேலியைப் புதுப்பிக்கவும் பணம் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை.

உழவுதான் உண்மையான ஆபத்து. இதைப் பற்றி எனக்கு அதிகம் கற்றுத் தந்தவர் மூலனூர்ப் பக்கத்தில் ஒரு பெரியவர். அவருடைய காடு ஒன்றில் வேர் குறைந்திருந்ததைப் பார்த்து, உழுதீர்களா என்று கேட்டேன்.

"ஆமாங்க அம்மிணி. புல்லு கெழடு தட்டிப்போச்சு. ஒருக்கா ஓட்டிச் சோளம் வெதச்சேன். அறுத்ததும் அப்பிடியே உட்டுட்டா வெதை கெளம்பி வந்துருமுங்க."

"ஏனுங்க ஐயா, வருசா வருசம் ஓட்டுனா?"

"அப்பறம் அது கொறங்காடே இல்லீங்க. புல்லு வராது. மாடு மெலியும். நீங்க தேடற அந்தக் கரியும் கெடைக்காது."

சில வருடத்துக்கு ஒருமுறை கிளறிவிடுவதற்கும் ஆண்டுதோறும் உழுவதற்கும் அவர் வைத்த எல்லைக்கோட்டை நான் எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு துல்லியமாகப் படிக்கவில்லை. குவோ, கிஃபோர்டு இருவரும் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியிட்ட கட்டுரையில், மேய்ச்சல் நிலத்தைப் பயிர் நிலமாக்கினால் மண் கார்பன் சராசரியாக 59 விழுக்காடு குறைகிறது என்று கண்டார்கள். மேய்ச்சல் நிலத்தை மரத்தோப்பாக்கினாலும் 10 விழுக்காடு குறைகிறது. உலகச் சராசரி அது, மூலனூருக்கு அதே எண் வராது. வரும் திசை மட்டும் அதுவேதான்.

முதல் மழைக்கு மண் மணக்கும்போது நான் யாரையும் மாதிரி எடுக்க விடுவதில்லை. காய்ந்து கிடந்த மண் திடீரென்று நனைந்ததும் நுண்ணுயிர்கள் விழித்து, சேர்ந்திருந்த எளிய கார்பனைத் தின்று மூச்சாக வெளியே விடுகின்றன. கென்யாவில் வேலை செய்த பிர்ச் 1958இல் இதை விளக்கினார், அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். உழுது பொடியாக்கிய மண்ணில் கட்டிகள் உடைந்து, உள்ளே ஒளிந்திருந்ததும் அந்த நுண்ணுயிர்களுக்கு இரையாகிவிடுகிறது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் ஒரே பருவத்தில், ஒரே ஈரப்பதத்தில் எடுக்க வேண்டும்.

கார்பன் பணம் எப்போது வரும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஹெக்டேருக்கு 16 டன் இருக்கிற காட்டில், நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 0.2 டன் கூடுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 5 ஆண்டில் 1 டன். பத்து அடி தள்ளி வெட்டிய இரண்டு குழிகளுக்குள்ளேயே அதைவிட வித்தியாசம் வரும். நிறைய இடத்தில், அதே இடங்களில், நிதானமாக அளந்தால்தான் கூடியது கூடியதாகத் தெரியும். புதிதாகக் கூடுவதற்கு மட்டும் பணம் என்கிற ஏற்பாட்டில், தலைமுறைகளாகச் சேர்த்ததைச் சிந்தாமல் வைத்திருப்பவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. காத்ததற்குக் கூலி வேண்டும். அந்தக் கூலியும் பட்டாவில் பெயர் உள்ளவருக்கு மட்டும் போனால் போதாது. கிளுவை நட்டு அடைத்தவர்களும் மாட்டைக் காடு மாற்றிக் கட்டியவர்களும் பெரும்பாலும் அருந்ததியர் குடும்பங்கள். அவர்கள் உழைப்பும் அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறது. எந்தத் திட்டப் படிவத்திலும் அதற்கு ஒரு கட்டம் நான் பார்க்கவில்லை. கூட்டங்களில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இதற்கிடையில் காடுகள் கைமாறுகின்றன. சூரியத் தகடு போடக் குத்தகை கேட்கிறார்கள், ஆழ்துளைக் கிணறு போட்டு முருங்கை வைக்கிறார்கள், மனையாகவும் போகிறது. மாட்டுக்கு விலையில்லாத வருடத்தில் விற்கிறவரை நான் குறை சொல்லமாட்டேன். பெரியவருடைய தம்பி மகன் தன் பாகத்தை முருங்கைக்கு ஓட்டப் போகிறார் என்று தெரிந்ததும், டிராக்டர் வருவதற்கு முன் நானும் என்னோடு வேலை செய்யும் பிள்ளைகளும் போய் மரத்தடி, வெட்டவெளி, வேலியோரம் என்று எல்லா இடத்திலும் குழி வெட்டி மண் எடுத்துக்கொண்டோம். ஜிபிஎஸ் குறித்ததோடு நிற்காமல், கிளுவை வேலியிலிருந்து அடிக்கணக்கும் எழுதிக்கொண்டோம், கைபேசி பழுதானாலும் இடம் தெரிய வேண்டும் என்பதற்காக. அந்தத் தம்பி மகனும் கூட நின்று கடப்பாரை பிடித்தார். முடிவு வந்ததும் தனக்கும் ஒரு தாள் வேண்டும் என்று கேட்டார். தாளோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்: வரிசைக்கு நடுவே உழுதுகொண்டே இராமல் கொழுக்கட்டைப் புல்லை விடுங்கள், அறுப்பு முடிந்த மாதங்களில் செம்மறிப் பட்டி போடுங்கள், வேலியோரம் நிற்கும் வெள்வேலை வெட்டாதீர்கள். வேலியை மட்டும் எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். புல்லைப் பற்றி யோசிக்கிறாராம். அடுத்த மாசியில் அதே குழிகளுக்குப் பக்கத்தில் மறுபடி வெட்டுவோம்.